மகுடாபுரத்து ராஜா தண்ணீருக்குள் இருக்கிறார்

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபோது சமஸ்தானங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று படித்திருப்பீர்கள். மகுடாபுரத்தைச் சேர்க்கவில்லை. அதற்குப் பெரிய வீரக்கதை ஒன்றும் கிடையாது. டில்லியிலிருந்து வந்த கடிதத்தின் மேலே ‘மகாராஜா, மகுடாபுரம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மகாராஜாவுக்கு முப்பத்திரண்டு பட்டங்கள். முப்பத்திரண்டையும் எழுதாத கடிதத்தை அரண்மனை கையால் தொடாது. மூன்று தடவை வந்த கடிதம் மூன்று தடவையும் திரும்பிப் போயிற்று. நாலாவது தடவை டில்லிக்காரர்களுக்கே சலித்துவிட்டது. ஆகவே கோவில்பட்டிக்குக் கிழக்கே, நாகலாபுரம் போகிற வழியில், எட்டு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமான ஒரு கரிசல் காட்டில் மட்டும் 1955ஆம் வருஷத்திலும் மன்னராட்சி நடந்துகொண்டிருந்தது. எல்லைக்கு வந்ததும் பஸ் நிற்கும். கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்ட பிறகுதான் வண்டியை உள்ளே விடுவார்கள்.

மகுடாபுரத்தில் பெரிய கண்மாய் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஓடை வழியாகத் தண்ணீர் வந்து பெருகும். நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வெளியே போகும். மற்ற ஊர்க் கண்மாய்களில் அது தன்பாட்டுக்குப் போகும். மகுடாபுரத்தில் தண்ணீருக்கும் உத்தரவு வேண்டும். மறுகாலைப் பலகை போட்டு அடைத்துவிடுவார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளில் ராஜவம்சத்தார் அத்தனை பேரும் தெப்பத்தில் ஏறி நடுக்கண்மாய்க்குப் போவார்கள். மகாராஜா செங்கோலால் தண்ணீரைத் தொட்டு ‘போகலாம்’ என்பார். அப்புறம்தான் பலகையை எடுப்பார்கள். இதற்குத் தண்ணீர் தர்பார் என்று பெயர். நூற்றுப்பத்து வருஷமாக நடக்கிறது. நல்ல நேரத்துக்குக் காத்திருந்ததில் நாலு தடவை கரை உடைந்து, தாழ்ந்த பக்கம் இருந்த குடிசைகள் போயிருக்கின்றன. குடிசையில் இருந்தவர்களும் போயிருக்கிறார்கள். அந்த நாலு தடவையும் ‘தண்ணீர் உத்தரவின்றி வெளியேறியது’ என்றுதான் அரண்மனைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறதே தவிர, செத்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ராஜவம்சத்தில் அப்போது இருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்களில் சின்னவருக்கே நாற்பத்தொரு வயது. தங்களுக்குச் சமமான குடும்பம் பூமியில் இல்லை என்று முடிவு கட்டி, வெகுகாலமாக அந்த வீட்டில் யாருக்கும் கல்யாணமே செய்யவில்லை. நீச்சலும் யாருக்கும் தெரியாது. நீந்தக் கற்றுக்கொண்டால் தண்ணீர் தங்களுக்குக் கட்டுப்படாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்.

இனி மாயகிருஷ்ணனுக்கு வருவோம். செம்மறி ஆடு மேய்க்கிறவன். அறுபது உருப்படி வைத்திருந்தான். அறுப்பு முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போட்டு, உரத்துக்குக் கூலியாகத் தானியம் வாங்கிப் பிழைக்கிற ஆள். யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டு நிற்பான். அந்த வீட்டில் யோசிக்கிற வேலை முழுக்க அவன் பெண்டாட்டி சுந்தரம்மாளுடையது. ஆடு காதை ஆட்டினால் எதற்கு ஆட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷம் கார்த்திகையில் தண்ணீர் தர்பார். கண்மாய் தளும்பி நின்றது. கரையில் ஜனங்களை வரிசையாக நிறுத்தி ‘வாழ்க’ சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். திவான் பூவனநாதன் பட்டு அங்கவஸ்திரமும் சரிகைத் தலைப்பாகையுமாக நடுவில் நின்றார். சுந்தரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“சாமி, ஆடு ஒண்ணுகூடக் கண்மாய்க்குள்ள எறங்க மாட்டேங்குது. கரையைப் பாத்து ஏறிக்கிட்டே இருக்கு. வடக்க மேட்டுல பேய்மழை பெய்யுது. இன்னும் செத்த நேரத்துல ஓடை பெருகி வந்துரும். மறுகாப் பலகைய எடுக்கச் சொல்லுங்க. இன்னைக்குத் தெப்பத்துல ஏறினா ஒருத்தரும் கரைக்கு வர மாட்டாவ.”

திவான் வடக்கே பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற எழுத்தரைப் பார்த்தார். ராஜாவுக்குக் கேடு வரும் என்று சொல்வது மகுடாபுரத்தில் ராஜத்துரோகம். அரண்மனை அலுவலகமான கச்சேரியில் ஒரு பட்டா மாற்றி வாங்க நாலு வருஷம் ஆகும். அன்றைக்குத் தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் தயாராகிவிட்டது. மகாராஜா கரையேறி வந்து தம் திருவாயால் மன்னிப்போ தண்டனையோ சொல்லும்வரை இந்தப் பெண் சிறையில் இருக்க வேண்டியது என்று எழுதி முத்திரை வைத்தார்கள். ஜெயிலர் சோலைராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். மாயகிருஷ்ணன் பின்னாலேயே நடந்து, ஜெயில் கதவு வரைக்கும் போய், கதவு சாத்தினதும் திரும்பி வந்தான்.

அவன் கரைக்கு வந்து சேரும்போது தெப்பம் நடுக்கண்மாயில் இருந்தது. மகாராஜா செங்கோலை எடுத்துவிட்டார். அந்த நேரம் ஓடை வாயில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் சுவராக வந்தது. தெப்பம் ஒரு தடவை எழும்பிக் கவிழ்ந்தது. ஆண்களுக்குச் சரிகை அங்கி, பெண்களுக்கு ஒட்டியாணமும் காசுமாலையும். ஒவ்வொருத்தர் மேலும் ஒரு மூட்டை பாரம். கரையிலிருந்த இளவட்டங்கள் இருபது பேர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குதிக்கப் போனார்கள். திவான் தடுத்துவிட்டார். ராஜாவின் திருமேனியை உத்தரவில்லாமல் தொடுவது குற்றம். உத்தரவு கேட்டு மூன்று தடவை கூவினார்கள். மகாராஜாவிடமிருந்து பதில் வரவில்லை. அரை நாழிகையில் கண்மாயில் தெப்பத்துக் கட்டைகள் மட்டும் மிதந்தன. மறுகால் பலகையை யாரும் எடுக்கவில்லை; தண்ணீர் பலகைக்கு மேலே வழிந்து போனதால் கரை தப்பித்தது.

சமஸ்தான அதிகாரிகள், திவானோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், ஒரு மரத்தடியில் கூடிப் பேசினார்கள். அவர்களுடைய வேலை உத்தரவில் ‘மகாராஜா ஜீவித்திருக்கும் வரை’ என்று எழுதியிருந்தது. மாளிகை, வண்டி, வேலைக்காரன், தலைப்பாகை எல்லாம் அதுவரைக்கும்தான். பேசி முடித்துவிட்டுத் திவான் கரைமேல் ஏறி நின்றார்.

“மகாஜனங்களே, தண்ணீருக்கு உத்தரவு கொடுப்பது சம்பந்தமாக நேரில் விசாரிப்பதற்கு மகாராஜா குடும்ப சமேதராக உள்ளே எழுந்தருளியிருக்கிறார்கள். விசாரணை நீளும் என்று தெரிகிறது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

ஜனங்கள் போனார்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்தனாவது சிரித்திருக்க வேண்டும்.

மறுநாள் மாயகிருஷ்ணன் கச்சேரிக்குப் போனான். காலையிலிருந்து காத்திருந்து மத்தியானம் திவானைப் பார்த்தான்.

“சாமி, எம் பொண்டாட்டிய விட்டுருங்க. ராஜாதான் செத்துட்டாவளே” என்றான்.

திவானுக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக விளக்கினார். “மகாராஜா காலமாகிவிட்டார் என்று அறிவிக்கும் அதிகாரம் மகுடாபுரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் மகாராஜா. இதுவரை அவர் அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. நீ நன்றாக யோசித்துப் பார். மகாராஜா உயிரோடு இருந்தால் என்றைக்காவது கரையேறி வந்து உன் மனைவியை விசாரிப்பார். அதுவரை அவள் உள்ளே இருப்பாள், கஞ்சி கொடுப்போம். மகாராஜா இல்லை என்று வைத்துக்கொள். அப்படியானால் ஒருத்தரும் கரைக்கு வர மாட்டார் என்று வாய்விட்டுச் சொல்லி ராஜவம்சத்தையே கொன்றவள் அவள். கொலைக்குத் தூக்கு. உனக்கு எது வேண்டும், நீயே சொல்.”

மாயகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். பிறகு, ராஜா உயிரோடேயே இருக்கட்டும் என்றான். இதற்குப் பெயர்தான் ராஜபக்தி என்று திவான் எழுத்தரிடம் சொன்னார்.

நாலாம் நாள் மகாராஜாவின் சித்தப்பா மேலே மிதந்து வந்தார். முதலில் பார்த்தவன் மாயகிருஷ்ணன்தான். ஓடிப்போய்ச் சொன்னான். பன்னிரண்டு பேரும் கரைக்கு வந்து கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்கள். சின்ன மகாராஜா மல்லாந்து நீராடுகிறார்கள் என்று குறிப்பேட்டில் ஏறியது. ராஜவம்சத்தார் குளிப்பதைப் பார்ப்பது குற்றம் என்பதால் அவர் மிதந்த இரண்டு நாளும் கரையில் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சின்ன மகாராஜாவின் வயிற்றின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அதற்குத் தர்பாரில் அனுமதி கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் அவர் மறுபடியும் உள்ளே போய்விட்டார். மற்றவர்களைக் கரிசல் சேறு விடவே இல்லை.

தினமும் மகாராஜாவுக்குச் சாப்பாடு போயிற்று. இருபத்து மூன்று இலைக்குச் சமைத்து, கடம்பூரிலிருந்து போளி வரவழைத்து, கரையில் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு பிடி சோற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மிச்சத்தை ராஜப் பிரசாதம் என்று பன்னிரண்டு பேரும் சாப்பிடுவார்கள். தைக்குள் திவானுடைய அங்கவஸ்திரம் வயிற்றைச் சுற்றி வரவில்லை. மகாராஜா காலத்தில்கூட இவ்வளவு நல்ல சாப்பாடு நமக்குக் கிடைத்ததில்லை, ஆட்சி சிறப்பாக நடக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று பொங்கல் விழாவில் அவரே பேசினார்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. கண்மாய் குறைய ஆரம்பித்தது. அதிகாரிகள் தினமும் கரைக்கு வந்து அளந்து பார்த்தார்கள். கண்மாய் வற்றினால் மகாராஜா எந்த நிலையில் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்துபோகும். முதலில் மடையை அடைத்தார்கள். வயல் காய்ந்தது. அடுத்து, ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். அதுவும் பற்றாமல், வீட்டுக்குப் பத்துக் குடம் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து கண்மாயில் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஊர்க் கிணறே அடியில் கலங்கிக் கிடந்த நேரம். பிள்ளைகளுக்கு நாக்கு வறண்டது.

திவான் அதற்கும் ஒரு கூட்டம் போட்டு விளக்கம் சொன்னார். “மகாராஜா தண்ணீரில் வாசம் செய்கிறார்கள். தண்ணீர் ஒரு அடி குறைந்தால் அரண்மனை ஒரு அடி குறைந்ததாக அர்த்தம். உங்கள் குழந்தைகளுக்கு இன்றைக்கு எடுக்கிற தாகம் நாளைக்கும் எடுக்கத்தான் போகிறது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ராஜ்யம் முக்கியம்.”

வெள்ளிக்கிழமை தோறும் மாயகிருஷ்ணன் ஜெயிலுக்குப் போவான். சோலைராஜ் ஜன்னலைத் திறந்துவிடுவான். அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. உத்தரவு வந்தால் எதையும் செய்வான், வராவிட்டால் எதையும் செய்ய மாட்டான், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை அவன் மாயகிருஷ்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னான். திவான் கோவில்பட்டியிலிருந்து தூக்குக்கயிறு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். கண்மாய் வற்றி எலும்பு வெளியே தெரிந்தால், அன்றைக்கே ராஜவம்சத்தைக் கொன்றவள் என்று சுந்தரம்மாளைத் தூக்கில் போட்டுவிடுவார்கள். குற்றவாளி கையில் இருந்தால் ஜனங்களின் ஆத்திரம் அவள்மேல் போகும், தங்கள்மேல் வராது என்று கணக்கு.

அன்றையிலிருந்து மாயகிருஷ்ணனுக்கு வேறு வேலை கிடையாது. விடிந்தால் கிணறு, பொழுது அடைந்தால் கிணறு. பத்துக் குடம் ஊற்ற வேண்டிய இடத்தில் எண்பது குடம் ஊற்றினான். இறைத்து இறைத்து உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ரத்தம் பட்டது. ஆடுகள் தண்ணீரில்லாமல் அவன் காலையே சுற்றிவந்து கத்தும். குடத்தை அதுகளிடம் காட்டாமல் கொண்டுபோய்க் கண்மாயில் கவிழ்ப்பான். அறுபது ஆட்டில் முப்பத்தெட்டு செத்துப்போயிற்று.

சுந்தரம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனை ஏசினாள். “செத்தவனுக்குத் தண்ணி ஊத்துதீங்க, உசுரோட இருக்க ஆட்டைக் கொல்லுதீங்க. உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“ஊத்தலைன்னா உன்னையத் தூக்குல போட்ருவாவட்டி” என்று சொல்லி அவன் அழுதான். அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

பங்குனி உத்திரத்தன்று திவான் மாயகிருஷ்ணனை மேடைக்குக் கூப்பிட்டார். எண்பது குடம் ஊற்றுகிற குடிமகனை ஊருக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். ‘ஜலசேவா துரந்தரர்’ என்று ஒரு பட்டம் கொடுத்து, தலையில் ஒரு தலைப்பாகையும் கட்டிவிட்டார்கள். தன் மனைவி சிறையில் இருந்தும், ஆடுகள் செத்தும், இவன் முகம் சுளிக்காமல் தண்ணீர் சுமக்கிறான், பிரஜைகள் எல்லோரும் இவ்வளவு கஷ்டம் அனுபவித்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று திவான் பேசினார். பேசி முடித்ததும் கைதட்டல் கேட்டது.

தலைப்பாகையோடு மாயகிருஷ்ணன் ஜமால் முகம்மது கடைக்கு வற்றல் வாங்கப் போனான். ஜமால் முகம்மது பலசரக்கு வியாபாரி. அரண்மனைக் கச்சேரியில் பழைய புத்தகங்களை எடைக்குப் போடும்போது அவர்தான் வாங்குவார். சமஸ்தான சட்டப் புத்தகம் முக்கால்வாசி அந்தக் கடையில் வெல்லத்துக்கும் கொத்தமல்லிக்கும் பொட்டலமாகிப் போயிருந்தது. மடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுவது அவர் வழக்கம். மாயகிருஷ்ணனின் தலையைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெட்டிக்கடியில் கிடந்த ஒரு தாளைத் தேடி எடுத்தார்.

“ஏலே மாயகிருஷ்ணா, இங்கன வா. இதைக் கேளு. பட்டம் வாங்கினவன் சித்திரை ஒண்ணாந் தேதி ராஜாவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கலாமாம். அதைத் திவானும் மத்த பதினோரு பேரும் தர்பார் உடுப்போட, செருப்பில்லாம, ராஜா எங்க இருந்தாலும் அங்கன நேர்ல கொண்டுபோய்க் கொடுத்து, அன்னைக்கே பதில் வாங்கிட்டு வரணுமாம். போகலைன்னா ராஜத்துரோகம்னு போட்டிருக்கு.”

“அவியதான் தண்ணிக்குள்ள இருக்காவளே, பாய்” என்றான் மாயகிருஷ்ணன்.

“நானும் அதைத்தான் சொல்லுதேன். இருக்காவன்னு சொல்லுதது திவான் வாயி. போய்ப் பாத்துட்டு வரட்டும்” என்றார் ஜமால் முகம்மது. விண்ணப்பத்தை அவரே எழுதிக் கொடுத்தார், முப்பத்திரண்டு பட்டமும் போட்டு.

மாயகிருஷ்ணன் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் கரையில் உட்கார்ந்து யோசித்தான். சுந்தரம்மாள் இல்லாமல் அவன் யோசித்தது அதுதான் முதல் தடவை. எத்தனை குடம் ஊற்றியும் கண்மாய் வற்றித்தான் போயிருந்தது. நடுவில் ஒரு வட்டத்தில் மட்டும் முழங்கால் தண்ணீர். அதைச் சுற்றி நாலு பக்கமும் நூறு கஜத்துக்குச் சேறு. கரிசல் சேற்றைப் பற்றி அதில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, நடந்து போகலாம் போல இருக்கும். அதற்கடியில் ஆள் ஆழத்துக்குப் பசையாகக் கிடக்கும். போன வாரம் அவனுடைய ஆடுகள் இரண்டு இறங்கி, ஒன்றைத்தான் இழுத்தெடுக்க முடிந்தது. திவானுக்கும் மற்றவர்களுக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. கல் பாவின தரையை விட்டு அவர்கள் இறங்கினதே கிடையாது. மாயகிருஷ்ணனுக்குத் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரை முதல் நாள் ஊரே கரையில் கூடியிருந்தது. மாயகிருஷ்ணன் தலைப்பாகையோடு போய் விண்ணப்பத்தை நீட்டினான். ஜமால் முகம்மது பக்கத்தில் நின்று அந்தத் தாளை உரக்கப் படித்தார். வெல்லக் கறை பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். ராஜத்துரோகம் என்ற வார்த்தை வந்ததும் கூட்டம் திவானைப் பார்த்தது. திவான் பதினோரு பேரையும் பார்த்தார். மகாராஜா அங்கே இல்லை என்று சொன்னால் பன்னிரண்டு தலைப்பாகையும் அந்த நிமிஷமே இறங்க வேண்டும். தண்ணீர் ஓரம் வரைக்கும் போய், குனிந்து எழுந்து, பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. சந்தோஷமாகப் போகிறோம், மகாராஜாவைத் தரிசித்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லி இறங்கினார்.

சரிகை அங்கி, வெள்ளிப் பட்டை, இடுப்பில் வாள். ஐந்து மாசத்துப் போளி வேறு. இருபது அடி வரைக்கும் பாளம் தாங்கியது. அப்புறம் திவான் முழங்கால் வரை இறங்கினார். அவரைத் தூக்கப் போன இரண்டு பேர் தொடை வரை இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் திரும்பியிருக்கலாம். தர்பாருக்குப் போகும்போது முதுகைக் காட்டக்கூடாது என்று அவர்களுக்கு முப்பது வருஷப் பழக்கம். பின்பக்கமாகவே நடந்து ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். உதறினவன் இன்னும் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு பேரும் இடுப்பளவு சேற்றில் வரிசையாக நின்றார்கள்.

கரையில் யாரும் அசையவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு திவான் கத்தினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஊர்ப் பேச்சில் கத்தினார். “ஏலே மாயகிருஷ்ணா, கயித்தைப் போடுல!”

மாயகிருஷ்ணனின் தோளில் கிணற்றில் இறைத்த கயிறு இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை. “விண்ணப்பத்துக்கு ராஜா என்ன சொன்னாவ, சாமி?” என்று கேட்டான்.

“விடச் சொல்லிட்டாவ. உம் பொண்டாட்டிய இப்பவே விடச் சொல்லிட்டாவ. குத்தம் ஒண்ணுமில்லைன்னுட்டாவ. கயித்தைப் போடு.”

கரையில் நின்ற சோலைராஜுக்கு உத்தரவு காதில் விழுந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஜெயிலைப் பார்த்து நடந்தான். திரும்பி வரும்போது சுந்தரம்மாள் முன்னால் வந்தாள். ஐந்து மாசத்தில் பாதி ஆளாகியிருந்தாள். வெளிச்சம் கூசிக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் புருஷனைப் பார்த்தாள், அடுத்து எலும்பும் தோலுமாக நின்ற ஆடுகளைப் பார்த்தாள், கடைசியில் சேற்றில் நின்ற பன்னிரண்டு தலைப்பாகைகளைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவிற்று. ஐந்து மாசச் சிரிப்பை மொத்தமாகச் சேர்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை, கேட்டிருந்தால் ஆயுசில் பத்து வருஷம் கூடியிருக்கும்.

அதற்குள் மேற்கே இடி இடித்தது. சித்திரை மாசத்துக் கோடை மழை. வந்தால் ஒரு மணி நேரத்தில் காட்டையே நிரப்பிவிட்டுப் போகும். பாதி வானம் கறுத்துவிட்டது. மறுகால் பலகை போட்டு அடைத்தபடியே இருந்தது. திவான் வானத்தைப் பார்த்தார். சுந்தரம்மாளைப் பார்த்தார்.

“தாயீ, மழை வருமா?” என்று கேட்டார்.

சுந்தரம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தாள். “எங்கிட்ட எதுக்குக் கேக்கீய? இப்பதான ராஜாகிட்டப் பேசுனீய. பக்கத்துலதான இருக்காவ, அவியகிட்டயே கேளுங்க” என்றாள்.

சொல்லிவிட்டு ஆடுகளைத் திருப்பினாள். ஜனங்கள் அவள் போகிற திசையைப் பார்த்தார்கள். வைக்கோல் படப்பை மூடணும், துணி காயுது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு கரையிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஜமால் முகம்மது கடை வாசலில் வற்றல் காயப் போட்டிருந்தார். அவர் வேகமாகப் போனார். சேற்றிலிருந்து பன்னிரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டது. முதலில் அதட்டின. பிறகு ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கெஞ்சின. அந்தப் பேர்களெல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்பதே ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாயகிருஷ்ணன் மட்டும் கரையில் நின்றான். அவன் மனசு அப்படிப்பட்டது. தோளிலிருந்த கயிற்றைக் கையில் எடுத்துவிட்டான். “ஏட்டி, இதை மட்டும் போட்டுட்டு வந்துருதேன்” என்றான்.

சுந்தரம்மாள் திரும்பி வந்தாள். அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.

“நாலாவது தடவை கரை உடைஞ்சப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்க அம்மை கூரை மேல நின்னு கத்துனா. தம்பி அவ இடுப்புல இருந்தான். இந்தத் திவான்தான் கரையில நின்னுக்கிட்டு, ராஜா இன்னும் ‘போகலாம்’னு சொல்லலை, யாரும் எறங்கக்கூடாதுன்னாரு. கயிறு அன்னைக்கும் இருந்துச்சு” என்றாள்.

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மாயகிருஷ்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான். அவர்கள் ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது.